கல்லீரல் தரும் அவகாசம்

எலி பேஸ்ட்டை விழுங்கிய ஒருவர் அன்றிரவு வாந்தி எடுக்கிறார். மருத்துவமனையில் வயிற்றைக் கழுவி, குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறார். இரத்தப் பரிசோதனையும் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. கண்டம் தப்பியது என்று வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். நான்காம் நாள் கண் மஞ்சளாகிறது, பேச்சு குழறுகிறது. மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடுகிறபோது கல்லீரலின் பெரும்பகுதி செத்துப்போயிருக்கிறது. தமிழ்நாட்டின் கல்லீரல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்துவரும் நோயின் வழக்கமான போக்கு இது. மருத்துவம் இதைத் திடீர் கல்லீரல் செயலிழப்பு என்கிறது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த நோய்க்கு முதல் காரணம் அளவு மீறிய பாராசிட்டமால். இந்தியாவில் நெடுங்காலமாக மஞ்சள் காமாலை வைரஸ்கள்தான் பொறுப்பு. தமிழகத்தின் நிலை இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. 2019இல் மாநிலத்தின் பல மருத்துவமனைகளில் சேர்ந்த நோயாளிகளின் விவரங்களைக் கல்லீரல் மருத்துவர்கள் ஒன்றுதிரட்டினார்கள். இங்கே திடீர் கல்லீரல் பாதிப்புக்கு எலி விஷம் ஒரு முக்கியக் காரணம் என்று அந்தக் கணக்கு காட்டியது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் இளைஞர்கள். அதுவரை கல்லீரலில் எந்தக் கோளாறும் இல்லாதவர்கள்.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. எலி பேஸ்ட்டைக் கடைகளில் கண்ணில் படும்படி அடுக்கக் கூடாது, தனியாக வந்து கேட்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் அறிவித்தார். அதைத் தொடர்ந்து, ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடையும், மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கு நிரந்தரத் தடையும் வந்தன. தடைக்குப் பிறகும் அந்த பேஸ்ட் கைக்குக் கிடைக்கிறது என்ற செய்திகள் ஓயவில்லை.

தடையை எப்படி அமலாக்குவது என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். அதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வி விவாதத்துக்கே வருவதில்லை. விஷமானாலும் வைரஸானாலும் மாத்திரையானாலும், கல்லீரல் முற்றாகக் கைவிடுவதற்கு முன் சில மணி நேரமோ சில நாட்களோ கொடுக்கிறது. அந்த அவகாசத்தை நாம் எப்படிச் செலவழிக்கிறோம்?

மஞ்சள் நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது

கல்லீரல் பழுதடைந்தால் கண் மஞ்சளாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், மஞ்சள் காமாலை வந்த பெரும்பாலோர் எந்தச் சிக்கலும் இல்லாமல் குணமாகிவிடுகிறார்கள். ஆளைச் சாய்ப்பது மஞ்சள் நிறமல்ல. கல்லீரல் செய்துவந்த மற்ற வேலைகள் நின்றுபோவதுதான்.

இரத்தம் உறைவதற்கான புரதங்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது கல்லீரல். சாப்பிடாத நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. குடலில் உண்டாகும் அமோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவைப்பதும் அதன் பொறுப்பு. இந்த மூன்றும் ஒரே வாரத்தில் நின்றுபோனால் என்னவாகும்? ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காது. சர்க்கரை சரசரவென இறங்கும். அமோனியா மூளைக்கு ஏறும்.

முன்பு கல்லீரல் நோய் இல்லாத ஒருவருக்கு இரத்தம் உறையும் திறன் குறைந்து, கூடவே மூளையும் குழம்பத் தொடங்கினால் அதைத்தான் மருத்துவர்கள் திடீர் கல்லீரல் செயலிழப்பு என்று வரையறுக்கிறார்கள். உறைதிறனை அளக்கும் பரிசோதனைக்கு ஐஎன்ஆர் என்று பெயர். நலமாக உள்ளவருக்கு இது 1 அளவில் இருக்கும். 1.5ஐத் தொட்டால் எச்சரிக்கை மணி. ‘எஸ்ஜிபிடி எவ்வளவு, பிலிருபின் எவ்வளவு’ என்று விசாரிக்கும் உறவினர்கள் ‘ஐஎன்ஆர் எவ்வளவு’ என்று கேட்பது அரிது. இந்த நோயில் முதலில் கேட்க வேண்டிய எண் அதுதான். கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கிலிருந்து மளமளவென்று இறங்கும்போது உறவினர்கள் நிம்மதி அடைவார்கள். ஐஎன்ஆர் ஏறிக்கொண்டே இருக்க எஸ்ஜிபிடி மட்டும் இறங்குகிறது என்றால், அந்த நொதியை வெளியேற்றுவதற்குக்கூட உயிருள்ள செல்கள் மிச்சமில்லை என்றும் பொருள் இருக்கலாம்.

மூளை குழம்புவதன் முதல் அறிகுறிகளை மருத்துவரைவிட வீட்டிலிருப்பவர்களே முன்னதாகக் கண்டுபிடிக்க முடியும். இரவு முழுக்க விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, தெரிந்த பெயரை மறப்பது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவது, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று உதறுவது. ‘காய்ச்சல் வந்த அசதி’, ‘மனசு சரியில்லை’ என்று இவற்றுக்கு எளிதாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மஞ்சள் காமாலை உள்ளவரிடம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த இரவே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எலி மருந்து என்பது ஒரே மருந்தல்ல

மளிகைக் கடைக்காரர் எல்லாவற்றையும் ‘எலி மருந்து’ என்றுதான் எடுத்துக் கொடுப்பார். உள்ளே இருப்பது வேறு வேறு. கேக் வடிவில் வரும் பலவற்றில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. அதற்கு வைட்டமின் கே என்ற முறிமருந்து உண்டு. துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றின் பாஸ்பைடுகள் நச்சு வாயுவை வெளியிடுகிறவை. அவற்றுக்கான சிகிச்சை முறையே வேறு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்தான் கல்லீரலைக் குறிவைக்கிறது. அதற்கு முறிமருந்து இல்லை.

ஆகவே, விபத்தாகவோ வேறு காரணத்தாலோ ஒருவர் எலி மருந்தை உட்கொண்டுவிட்டால், ஆளோடு சேர்த்து அந்த டப்பாவையோ டியூபையோ அட்டையையோ மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். கோபத்தில் குப்பையில் வீசிவிட்டு வந்தால், என்ன விஷம் என்று ஊகிப்பதிலேயே மருத்துவர்களின் முதல் நாள் கழிந்துவிடும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் அருகே, எலித் தொல்லைக்காக வீட்டில் வைக்கப்பட்ட மருந்தின் நச்சு பரவி இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மும்பையில் 2021இல் ஓர் இளம்பெண், பற்பசை என்று நினைத்து எலி பேஸ்ட்டால் பல் தேய்த்து உயிரிழந்தார். இப்படி வேறு இடங்களிலும் நேர்ந்திருக்கிறது. எலி பேஸ்ட் பற்பசையைப் போலவே டியூபில் அடைத்து விற்கப்பட்டதும், குளியலறை அலமாரியில் பற்பசைக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்ததும் எந்த ஆலையின் வடிவமைப்பாளருக்கும் உறுத்தவில்லை போலும்.

இந்த பாஸ்பரஸுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. மஞ்சள் பாஸ்பரஸும் வெள்ளை பாஸ்பரஸும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் தாடை எலும்பு அதன் நச்சால் அழுகியது. 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, அதைக் கொண்டு தீக்குச்சி செய்வதைத் தடைசெய்ய ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியாவில் 1913இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது அதன் பிறகு, 1920களில்தான். தொழிலாளி கையில் தொடுவதற்கே ஆபத்தானது என்று நூறாண்டுக்கு முன் ஒதுக்கப்பட்ட பொருள், பிற்பாடு சமையலறை மூலை வரை எப்படி வந்து சேர்ந்தது என்பதை ஒழுங்குமுறை அதிகாரிகள்தான் விளக்க வேண்டும்.

ஏமாற்றும் இரண்டு நாட்கள்

மஞ்சள் பாஸ்பரஸ் உடலுக்குள் மூன்று கட்டமாக வேலை செய்கிறது. முதல் நாள் வாந்தி, வயிற்று எரிச்சல். சிலருக்கு அதுவும் இருக்காது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் அறிகுறிகள் அடங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் கல்லீரல் சரியத் தொடங்குகிறது. சிலருக்குச் சிறுநீரகம், இதயம், மூளையும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. நடுவிலுள்ள அந்த அமைதியான நாட்களில்தான் பலர் ‘எழுதிக் கொடுத்துவிட்டு’ வீடு திரும்புகிறார்கள். ஆள் தெம்பாக இருக்கிறார், படுக்கை கிடைப்பது கஷ்டம், செலவு ஏறுகிறது, அக்கம்பக்கம் கேள்வி கேட்கிறது. வீட்டுக்குப் போகக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

இதில் வீட்டு வைத்தியம் வேறு. விஷம் குடித்தவருக்குப் பால் ஊற்றுவதும் எண்ணெய், நெய் கொடுப்பதும் நம் ஊரில் நீண்டநாள் பழக்கம். பாஸ்பரஸ் கொழுப்பில் கரையும். கொழுப்புள்ள எதைக் கொடுத்தாலும் விஷம் உடலில் ஏறுவது கூடக்கூடும் என்பதால் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்கவைப்பதும் கூடாது.

இன்னொரு தடை பயம். தற்கொலை முயற்சி என்று தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி, ‘ஓட்டலில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. சட்டம் மாறியிருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை. மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் அனுப்புவது பதிவுக்கான நடைமுறை. அதற்குப் பயந்து மருத்துவரிடம் பொய் சொன்னால் நோயாளியின் நேரம்தான் போகும்.

கீழாநெல்லி வாங்கும் நல்ல பெயர்

எலி விஷத்தில் இரண்டு நாள் வீணாகிறது என்றால், மஞ்சள் காமாலையில் இரண்டு வாரம்கூட வீணாகும். கண்ணில் மஞ்சள் தெரிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பதும், உப்பில்லாப் பத்தியம் வைப்பதும், மந்திரிக்கும் இடத்தைத் தேடிப் போவதும் படித்த வீடுகளிலும் நடக்கின்றன. பத்துப் பேரில் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். அசுத்தமான தண்ணீர் வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் தானாகவே அடங்குகிறவை. குணமானவர்கள் கீழாநெல்லியைப் புகழ்கிறார்கள். குணமாகாத ஒருவருக்கு அந்த இரண்டு வாரத்தில் ஐஎன்ஆர் ஒருமுறைகூடப் பார்க்கப்பட்டிருக்காது.

ஹெபடைடிஸ் ஏ விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. முந்தைய தலைமுறையில் சிறுவயதிலேயே பெரும்பாலோருக்கு அது வந்து, சளிக்காய்ச்சல்போலத் தெரியாமலே போய்விட்டது. ஆயுளுக்கும் எதிர்ப்புச்சக்தியும் கிடைத்தது. சுத்தமான குடிநீரோடு வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இருபது, முப்பது வயதில் முதல்முறையாகத் தொற்றும்போது நோய் கடுமையாகிறது. 2024இல் கேரளத்தின் மலப்புரம், எர்ணாகுளம் மாவட்டங்களில் பரவியபோது பெரியவர்களும் படுக்கையில் விழுந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இருக்கும் அரசின் இலவசப் பட்டியலில் இது இல்லை. ஹெபடைடிஸ் இ கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், மிகப் பெரிய ஆபத்து. நிறைமாதத்தில் வரும் மஞ்சள் காமாலையை வீட்டில் வைத்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

மாத்திரைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. பாராசிட்டமால் உரிய அளவில் பாதுகாப்பானது. காய்ச்சலுக்கு ஒன்று, சளி மாத்திரைக்குள் ஒன்று, உடல்வலி மாத்திரைக்குள் ஒன்று என்று ஒரே மருந்து மூன்று பெயர்களில் உள்ளே போவதுதான் சிக்கல். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு. மது பழக்கம் உள்ளவர்களுக்கும் பட்டினி கிடப்பவர்களுக்கும் அதுவே அதிகம். அளவு மீறியவருக்கு முதல் நாள் ஒன்றும் தெரியாது. இங்கேயும் அதே ஏமாற்று. ஆனால், இதற்கு அசிட்டைல் சிஸ்டைன் என்ற முறிமருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் கல்லீரல் கிட்டத்தட்ட முழுதாகக் காப்பாற்றப்படுகிறது.

காசநோய்க்கான மருந்துகளில் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் சிலருடைய கல்லீரலைப் பாதிக்கும். மருந்து எடுக்கத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் பசியின்மை, குமட்டல், சிறுநீர் அடர்மஞ்சளாதல் ஆகியவை வந்தால் அன்றே சுகாதார நிலையத்தில் சொல்ல வேண்டும். ‘மருந்தை நிறுத்தவே கூடாது’ என்ற அறிவுரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாந்தியோடு விழுங்கிக்கொண்டே இருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த அறிவுரைக்கு உள்ள முக்கியமான விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்காதது சுகாதாரத் துறையின் குறை.

தீவிர சிகிச்சையில் நடப்பது

கல்லீரலுக்கு ஒரு வரம் உண்டு. வெட்டி எடுத்தாலும் வளரும். தானம் கொடுத்தவரின் கல்லீரல் சில மாதங்களில் பழைய அளவை நெருங்கிவிடுகிறது. ஆகவே, தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்கள் செய்வது பெரும்பாலும் நேரம் சம்பாதித்துக் கொடுப்பதுதான். மிச்சமிருக்கும் செல்கள் தலையெடுக்கும் வரை மூளையும் சிறுநீரகமும் தாக்குப்பிடிக்க வேண்டும். மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கிறார்கள். மூளை வீங்காமலிருக்கத் தலைமாட்டை உயர்த்துகிறார்கள், உப்பின் அளவைக் கூட்டுகிறார்கள். அமோனியாவைக் குறைக்க டயாலிசிஸ் செய்கிறார்கள். கிருமித்தொற்று நெருங்காமல் காவல் காக்கிறார்கள். நோயாளி பிதற்றுகிறார், தூங்கட்டும் என்று போடப்படும் ஒரு தூக்க ஊசி இந்தக் கணக்கு முழுவதையும் குலைத்துவிடும். மூளை எந்த நிலையில் இருக்கிறது என்பது அதன் பிறகு யாருக்கும் தெரியாது.

அசிட்டைல் சிஸ்டைன் பாராசிட்டமால் அல்லாத காரணங்களிலும் உதவுமா என்று அமெரிக்காவில் 173 நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2009இல் வெளியிட்டார்கள். மூளைக் குழப்பம் தொடக்க நிலையில் இருந்தவர்களில், மருந்து பெற்றோரில் 52 சதவீதத்தினர் மாற்று அறுவை சிகிச்சை இல்லாமலே பிழைத்தார்கள். பெறாதோரில் அது 30 சதவீதம். ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய்விட்டவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. விலை அதிகமில்லாத ஒரு மருந்து வேலை செய்வதும் செய்யாதிருப்பதும், நோயாளி எந்த நாளில் வந்து சேர்ந்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

அடுத்தது பிளாஸ்மா மாற்று சிகிச்சை. நோயாளியின் இரத்தத்திலிருந்து நச்சு கலந்த பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஏற்றுவது. டென்மார்க் மருத்துவர்களின் தலைமையில் 182 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. இந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களில் சுமார் 59 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 48 சதவீதத்தினரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கல்லீரல் துறையினர் எலி விஷ நோயாளிகளுக்குக் குறைந்த அளவு பிளாஸ்மாவைக் கொண்டே இதைச் செய்து, நம்பிக்கை தரும் பலன்களைப் பதிவுசெய்திருக்கிறார்கள். மாற்று அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகக் குறைவு. மாவட்டத் தலைநகர்களிலும் இதைச் சாத்தியமாக்க முடியும் என்பதுதான் முக்கியம்.

எதுவும் பலிக்காதபோது கல்லீரல் மாற்று. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. ஆனால், மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் நாம் கேட்கிற நாளில் வந்து நிற்பதில்லை. குடும்பத்தில் ஒருவர் கொடுப்பதென்றால் இரண்டு நாளுக்குள் முடிவெடுத்து, பரிசோதனைகளை முடித்தாக வேண்டும். தங்கைக்கு அண்ணன் கொடுக்க முன்வரும்போது அண்ணியின் வீட்டார் தயங்குவதும், நேரம் கரைவதும் மருத்துவமனை வராந்தாக்களில் நடக்கிற விஷயங்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பேச்சை நோயாளி மயங்கிய பிறகு தொடங்காமல், ஐஎன்ஆர் ஏறத் தொடங்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும்.

தானாக விஷம் குடித்தவருக்கு இன்னொருவரின் கல்லீரலை ஏன் வீணாக்க வேண்டும் என்ற முணுமுணுப்பும் அவ்வப்போது கேட்கிறது. அதில் நியாயமில்லை. இந்த நோயாளிகளில் பலர், ஒரு சண்டை, ஒரு தேர்வு முடிவு, ஒரு கடன்காரரின் வசைக்குப் பிறகு சில நிமிட ஆவேசத்தில் செய்தவர்கள். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை.

அண்டை நாடு செய்துகாட்டியது

தடையால் என்ன ஆகிவிடப்போகிறது, சாக நினைப்பவர் வேறு வழி தேடுவார் என்ற வாதத்துக்கு இலங்கையில் பதில் இருக்கிறது. 1995 வாக்கில் அங்கே லட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. 1984இல் பாராத்தியானில் தொடங்கி, கொடிய பூச்சிக்கொல்லிகளை அந்நாடு வரிசையாக விலக்கியது. 1998இல் எண்டோசல்ஃபான் போயிற்று. பிறகு பாராகுவாட்டும் போயிற்று. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 சதவீதம் சரிந்தது. விளைச்சல் படுத்துவிடவில்லை. பிரிட்டனில் 1998இல் பாராசிட்டமால் அட்டையில் உள்ள மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அடுத்த 11 ஆண்டுகளில் அந்த மருந்தால் நேர்ந்த இறப்புகள் 43 சதவீதம் குறைந்தன. ஆவேசம் தணிகிற வரை கொடிய பொருள் கைக்கு எட்டாமலிருந்தால் பல உயிர்கள் மிஞ்சும்.

2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்திருக்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இந்த மாநிலத்துக்கு அந்த அனுபவங்களைப் புறக்கணிக்கும் வசதி இல்லை.

இனி செய்ய வேண்டியவை

தடை ஆணை காகிதத்தில் இருந்தால் போதாது. எலி பேஸ்ட் விற்பனையைக் கண்காணிப்பது வேளாண் துறையா, உணவுப் பாதுகாப்புத் துறையா, உள்ளாட்சியா, காவல் துறையா என்பது மாவட்டந்தோறும் எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். எலி விஷத்தால் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால், அது எந்தக் கடையில் அல்லது எந்த இணைய விற்பனைத் தளத்தில் வாங்கப்பட்டது என்று விசாரித்து, நோயாளியை அல்ல, விற்றவரைப் பொறுப்பாக்க வேண்டும். வெளி மாநிலங்களிலிருந்து பார்சலில் வருவதைத் தடுக்க மத்திய அரசின் நாடு தழுவிய தடை தேவை. அதைத் தமிழகம் தொடர்ந்து வலியுறுத்தலாம்.

எலித் தொல்லை உண்மையான தொல்லை. அதற்கு மாற்றுச் சொல்லாமல் தடை மட்டும் போட்டால் கள்ளச் சந்தைதான் வளரும். காவிரிப் படுகை வயல்களில் மூங்கிலால் செய்த தஞ்சாவூர் கிட்டியை இன்றும் வைக்கிறார்கள். எலி பிடிப்பதில் இருளர் சமூகத்தினரின் தேர்ச்சி ஊரறிந்தது. அவர்களுக்கு முறையான கூலியும் பாதுகாப்புக் கருவிகளும் கொடுத்து உள்ளாட்சிகள் பணியமர்த்தலாம். வீடுகளுக்குப் பொறியே போதும்.

மருத்துவமனைகளுக்கு ஒரே விதி வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் உட்கொண்டவரை, அவர் எவ்வளவு தெம்பாக இருந்தாலும், குறைந்தது ஐந்து நாட்களுக்கு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தினமும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். அது 1.5ஐத் தாண்டினால், மயக்கம் வரும்வரை காத்திருக்காமல், பிளாஸ்மா மாற்று வசதியுள்ள மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் பேசி, படுக்கையை உறுதிசெய்ய வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் விஷ சிகிச்சைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. வட்டார மருத்துவமனையில் இரவுப் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் எந்த நேரத்திலும் அழைத்து யோசனை கேட்கும் எண்ணாக அது மாற வேண்டும்.

மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி, சேலம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பிளாஸ்மா மாற்று சிகிச்சை 24 மணி நேரமும் கிடைக்கச் செய்தால், ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்குப் பத்து மணி நேரம் பயணம் செய்யும் அவலம் குறையும். காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கான தொகையும் முழுச் செலவை ஈடுகட்டும்படி இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியை, குறைந்தபட்சம் விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கும் உணவகத் தொழிலாளர்களுக்கும் அரசே போடுவது பற்றி யோசிக்கலாம். மருந்துக் கடைகளில் பாராசிட்டமால் எந்தெந்தக் கூட்டு மாத்திரைகளில் இருக்கிறது என்ற பட்டியலைத் தமிழில் ஒட்டவைப்பதற்குப் பெரிய செலவில்லை.

பிழைத்தவரை அப்படியே பேருந்து ஏற்றிவிடுவதும் முடிவுக்கு வர வேண்டும். கல்லீரல் தேறியதும், வார்டிலிருந்து கிளம்பும் முன்பே மனநல மருத்துவரைப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட்டு, அடுத்த மூன்று மாதங்களுக்கு மாவட்ட மனநலத் திட்டப் பணியாளர் ஒருவர் அவரைத் தொலைபேசியிலேனும் விசாரித்துவர வேண்டும். மனம் தளர்ந்தவர்களும் அவர்களது வீட்டாரும் இப்போதே பேசுவதற்கு எண்கள் இருக்கின்றன: தமிழக அரசின் 104, டெலி மானஸ் 14416, சினேகா 044-24640050.